கொரின்னாவோடு பேசிய பேரம்

கொரின்னா என்ற புகைக்கப்பல் எங்கள் சேந்தமுனைக்கு எதிரே எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கிறது என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். மூழ்கியது நிஜம். கிடக்கிறது என்பது பொய். அது நிற்கிறது. நிமிர்ந்து, விளக்கேற்றி, பெருக்கித் துடைத்து, ஆள் வருவதற்காக நிற்கிறது. அதை நிமிர்த்தி நிற்க வைத்தவர்கள் நாங்கள்தான், அதிலும் முக்கால்வாசி நான்.

ஒருகாலத்தில் பர்மாவுக்கும் பினாங்குக்கும் சனம் ஏற்றிப்போன கப்பல். மேல்தட்டில் துரைமார் நாற்காலி போட்டுச் சாய்ந்திருக்க, கீழ்த்தட்டில் நம் ஆட்கள் பாய் விரித்து, பாய்க்குப் பாய் சுண்ணாம்புக்கோடு கிழித்து, கருவாட்டு மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பாதிப்பேர் பெட்டி பெருத்துத் திரும்பினார்கள், மீதிப்பேர் உடம்பு சிறுத்துத் திரும்பினார்கள், திரும்பாதவர்களை எவனும் எண்ணவில்லை. மாதம் இரண்டு தரம் எங்கள் கரைக்கு எதிரே போகும்போது ஒரு ஊதல் ஊதும். அந்தச் சத்தத்துக்குப் பெண்கள் உலை வைத்தார்கள். பிறகு சண்டை வந்தது. கப்பலுக்குச் சாம்பல் நிறம் பூசி, மூக்கில் ஒரு பீரங்கியை வைத்தார்கள். நாற்பத்திரண்டாம் வருசம் பங்குனியில், ரங்கூனிலிருந்து உயிர் பிழைத்து ஓடிவந்த சனத்தோடு, கரையில் காயும் வலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பகல் நாலு மணிக்கு, தண்ணீருக்குள் வந்த ஏதோ ஒன்று அதன் வயிற்றில் பாய்ந்தது. வாய்க்குள் தண்ணீர் போகிறவரை ஊதியது. நான் அப்போது உப்பளத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். அந்த ஊதல் அடங்கின இடத்தில் காற்றுகூடக் கொஞ்ச நேரம் வீசவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போனார்கள். ஒரு உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை.

பதினாறு வருசம் அதன் பக்கம் யாரும் போகவில்லை. முதலில் போனவன் என் தங்கச்சி மதலேன் புருசன் குருசு. சங்கு குளிக்கிறவன், ஒரு மூச்சுக்கு எட்டுப் பாகம் போய் வருவான். அவன் இடுப்புக் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிக்கிறவன், மற்ற நேரம் கரையில் மீன் ஏலம் கூவுகிறவன் நான். எங்கள் கடலில் குளிக்கிறவன் கயிற்றை அண்ணன் பிடிக்கமாட்டான், தம்பி பிடிக்கமாட்டான், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். தம்பிக்காரனுக்குச் சொத்து கண்ணில் படலாம். மச்சானுக்குத் தங்கச்சி தாலி ஒன்றுதான் கண்ணில் நிற்கும்.

முதல்நாள் குருசு ஒரு பித்தளை விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தான். அன்று சாயங்காலம் மதலேன் வீட்டு அரிக்கேன் விளக்கைக் காணோம். மறுநாள் குருசு இறங்கிப் பார்த்தால், பித்தளை விளக்கு தொங்கின அதே கொக்கியில் வீட்டு அரிக்கேன் தொங்குகிறது, எரிந்துகொண்டு.

"எண்ணெய் இன்னும் பாதி கெடக்கு மச்சான்," என்றான் மேலே வந்து. "திரி மட்டும் லேசா கருகியிருக்கு."

ஊர் இதைக் கேட்டு மலைத்துப் போகவில்லை. நியாயம் பேசியது. பித்தளைக்கு அரிக்கேன் சரியான மாற்றா, அதுவும் கண்ணாடி கீறின அரிக்கேன், கப்பல் ஏமாந்துவிட்டதே என்று பாதிப்பேர். வீடு புகுந்து எடுத்தது களவுதானே என்று பாதிப்பேர். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எவனோ ஒருவன் என்னைக் கேட்காமல் எனக்கே விலை வைக்கிறதா? மறுநாள் ஒரு அலுமினியத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, "இதுக்கு ஒரு பீங்கான் தட்டு குடு, மரியாதையா!" என்று தண்ணீரைப் பார்த்துச் சத்தம் போட்டேன். கயிறு என் விரலில் இரண்டு தரம் வெட்டி வெட்டி இழுத்தது.

அந்த இழுப்பு எனக்குத் தெரியும். உப்பளத்தில் இருந்து ஓடிப்போய் எட்டயபுரம் மாட்டுச்சந்தையில் ஏழு வருசம் தரகன் எடுபிடியாகக் கிடந்தவன் நான். அங்கே வாயால் விலை பேசமாட்டார்கள். இரண்டு பேர் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இரண்டு வெட்டு வெட்டினால் விலை போதாது என்று அர்த்தம், முழுக்கையையும் பொத்திப் பிடித்தால் பேரம் முடிந்தது. பொத்தின கையைப் பிரித்துவிட்டு இல்லை என்று சொன்னவனுக்கு அந்தச் சந்தையில் அப்புறம் தண்ணீர்கூடக் கிடைக்காது. எனக்கு அந்த நிமிசம் விளங்கிப்போனது. இந்தக் கடல் ஒரு பெரிய துண்டு. அதற்கு அடியில் யாரோ என் விரலைப் பிடிக்கிறார்கள்.

தட்டோடு ஒரு கரண்டியும் சேர்த்து இறக்கினேன். கயிறு நீளமாக ஒரு பிடி பிடித்தது. குருசு பீங்கான் தட்டோடு வந்தான். அன்று ஊரில் எந்த வீட்டிலும் எந்தச் சாமானும் குறையவில்லை.

அதற்கப்புறம் எட்டு வருசம் சேந்தமுனை கொரின்னாவோடு கொடுக்கல் வாங்கல் நடத்தியது. கதவுக்குக் கதவு, கண்ணாடிக்குக் கண்ணாடி, தேக்குக் கட்டிலுக்கு நாலு கோரைப்பாய், செம்புக் குழாய்க்கு மூங்கில். கடிகாரத்துக்குக் கடிகாரம்தான் வேண்டும் என்று நின்றது, ஓடாத கடிகாரத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது. கல்யாணம் பேச வருகிறவர்கள் 'கப்பல் கட்டில் உண்டா' என்று கேட்டார்கள். கோயில் சாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் எங்களைத் திட்டிவிட்டு, நாலாவது ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வட்டச் சன்னல் கண்ணாடி இரண்டு கிடைக்குமா என்றார். பெண்கள் பாய் முடைகிறபோது வீட்டுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று என்று முடைந்தார்கள். பயணிகள் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய இரும்புப் பலகையை எடுத்து வந்தோம், எண்ணூற்று நாற்பது என்று அதில் எழுதியிருந்தது, டீக்கடையில் மாட்டினோம். அதற்கு மாற்றாகப் பலகைக்குப் பலகை என்று, பஸ் நிற்கிற இடத்தில் துருப்பிடித்துக் கிடந்த ஊர்ப்பெயர்ப் பலகையை இறக்கினேன். நல்ல லாபம் என்று அன்று டீக்கடையில் எல்லாருக்கும் நான்தான் வடை வாங்கிக் கொடுத்தேன்.

குருசு மட்டும் வடை தின்னவில்லை.

"மச்சான், அந்தப் பலகையை மூக்குல மாட்டியிருக்கு."

"மாட்டினா மாட்டிட்டுப் போட்டும். ஒமக்கு என்னவே?"

"சாய்ஞ்சு கெடந்த கப்பல். இப்ப நேரா நிக்கி. கீழ பெருக்கி வச்சிருக்கு. பாயெல்லாம் வரிசையா விரிச்சு, நடுவுல சுண்ணாம்புக்கோடு போட்டிருக்கு. தட்டு கழுவிக் கவுத்தியிருக்கு. நம்ம தட்டு மச்சான், எல்லாம் நம்ம வீட்டுத் தட்டு."

"சுத்தமான கப்பல். ஒம்ம வீட்டைவிடச் சுத்தம்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஏன் பெருக்குகிறது, யாருக்காக விரிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. லாபத்தில் இருக்கிறவன் கேள்வி கேட்கமாட்டான்.

அந்த வருசம் ஆனியில் தங்கப்பழம் என்று ஒரு அரிசி மில் முதலாளி வந்தார். மில்லுக்கு ஊதல் வேண்டும், பத்து ஊருக்குக் கேட்கிற ஊதல், கொரின்னாவின் புகைபோக்கியில் இருக்கிற அந்தப் பித்தளை ஊதல்தான் வேண்டும் என்றார். அதை மட்டும் நாங்கள் தொட்டதில்லை. ஏன் என்று யாரும் சொல்லிக்கொண்டதும் இல்லை.

"ஒம்மால ஆவாதுன்னா சொல்லிரும். நான் நாகப்பட்டினத்துல ஆள் பாக்கேன்," என்றார் முதலாளி, பல் குத்திக்கொண்டே. "சும்மா தட்டு, கரண்டி வித்துப் பொழைக்கிற ஆளுன்னு சொன்னாங்க, சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

கரண்டி விற்கிறவன்! தோளில் கிடந்த துண்டை உருவி அவர் கைமேல் போட்டேன். இரண்டு நிமிசத்தில் பொத்திப் பிடித்துவிட்டேன். குளிக்கப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்காமல்.

குருசு அன்று என்னிடம் குரலை உயர்த்தவில்லை. அவன் எப்போதும் உயர்த்தமாட்டான். "அது அதோட தொண்டை மச்சான்," என்றான்.

"கையைப் பொத்தியாச்சு மாப்ள."

"நீரு பொத்தினீரு."

ஆனாலும் இறங்கினான். செவ்வாய்க்கிழமை காலை, கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. மாற்றாக ஒரு லாரி ஹாரனை முதலிலேயே இறக்கியிருந்தேன். கயிறு அசையவில்லை, ஒப்புக்கொண்டது என்று நானே முடிவு கட்டினேன். பாரக்கயிற்றில் ஊதல் மேலே வந்தது, ஆள் உயரம், பச்சை பிடித்த பித்தளை. அடுத்து இடுப்புக் கயிறு ஆடியது. இழுத்தேன். வரவில்லை. காலைத் தோணி விளிம்பில் ஊன்றி இழுத்தேன். கயிறு வீணைக் கம்பி மாதிரி நின்றது. குருசின் மூச்சு ஒன்றரை நிமிசம். ஒன்றரை நிமிசம் போனது. ஒரு மணி நேரம் போனது. கயிற்றில் மட்டும் அவன் கை தட்டுவது நிற்கவில்லை, மூன்று மெதுவான தட்டு, வீட்டுக்கு வந்தால் கதவில் தட்டுவது போல.

மதலேனைத் தோணியில் கூட்டி வந்தார்கள். அவள் கயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உயிரோடதான் இருக்காரு," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கயித்த விட்டீருன்னா, அண்ணன்னு பாக்கமாட்டேன்."

மூன்று நாள் விடவில்லை. செவ்வாய், புதன், வியாழன். கயிறு என் உள்ளங்கையில் அறுத்த தடம் இப்போதும் இருக்கிறது. ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. முதல்நாள் அழுதார்கள். இரண்டாம்நாள், ஆள் உயிரோடு இருந்தால் பசிக்குமே என்று சோறும் மீன்குழம்பும் தூக்குச்சட்டியில் மூடி இறக்கினார்கள். சட்டி காலியாக, கழுவி, மேலே வந்தது. "உப்பு கூடிப்போச்சோ என்னவோ," என்று சமைத்தவள் கவலைப்பட்டாள். மூன்றாம்நாள் சுற்றுவட்டத் தோணியெல்லாம் வந்து நின்றன, சுண்டல் விற்றார்கள்.

நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். லாரி ஹாரன் வேண்டாமா, இந்தா கோயில் பேண்டுக்காரன் கொம்பு. இரண்டு வெட்டு. இந்தா இடம்புரிச் சங்கு, பெரிய சங்கு. இரண்டு வெட்டு. ஒலிபெருக்கிக் குழாய். இரண்டு வெட்டு. ஊதலையே திருப்பி இறக்கினேன். அதற்கும் இரண்டு வெட்டு, கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற வழக்கம் அதற்கும் இல்லை. எனக்கு வெறி பிடித்துவிட்டது. "ஏ, பொணந்தின்னிக் கப்பலே! முந்நூறு பேரை முழுங்கினது பத்தலையா ஒனக்கு? என் தங்கச்சி புருசன விடுடீ!" என்று அடிவயிற்றில் இருந்து கத்தினேன்.

கயிறு ஒரு முழம் இளகியது.

நான் மூச்சு வாங்கினேன். கயிறு மறுபடி இறுகியது. திரும்பக் கத்தினேன், எனக்குத் தெரிந்த கெட்டவார்த்தை எல்லாம் சொல்லி. இன்னொரு முழம் இளகியது. கரையில் மீன் ஏலம் கூவுகிற என் குரல் ஊரறிந்த குரல், கத்தரி வெயிலில் மூன்று ஊர் தாண்டிக் கேட்கும், அதை வைத்துத்தான் மூட்டை தூக்கினவன் முதலாளியோடு சரிக்குச் சரி உட்கார்ந்தேன். அது என்ன கேட்கிறது என்று தெரிந்துவிட்டது.

பேசிப் பார்த்தேன். பாதிக் குரலை எடுத்துக்கொள், ஏலக்குரலை மட்டும் எடுத்துக்கொள், பேச்சுக்குரலை விடு. இரண்டு வெட்டு. வருசத்தில் ஆறு மாதம். இரண்டு வெட்டு. என் வாழ்க்கையில் ஒரு பேரத்திலும் முதல் விலைக்கு ஒத்துக்கொண்டதில்லை. மதலேன் எதிரே உட்கார்ந்து கயிற்றில் கை வைத்திருந்தாள். "அண்ணே, தட்டுறது மெதுவாவுது," என்றாள்.

கயிற்றை முழுக்கையாலும் பொத்திப் பிடித்தேன்.

குருசு அல்வாத் துண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு மேலே வந்தான். உடம்பில் ஈரம் தவிர ஒரு கீறல் இல்லை. "எருமமாடே, மூணு நாளா எங்கலே இருந்த?" என்று கேட்க வாயைத் திறந்தேன். வாய் திறந்தது. அவ்வளவுதான்.

"பாயில உக்காந்திருந்தேன்," என்றான் அவன், வராத என் கேள்வி காதில் விழுந்தவன் போல. "எல்லாரும் மரியாதையாத்தான் இருந்தாங்க." எல்லாரும் என்றால் யார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

தங்கப்பழம் முதலாளி ஊதலை மில்லில் ஏற்றி நீராவி விட்டார். புஸ் என்று காற்று வந்தது. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் குரல் கடலில் இருந்து வந்தது.

"வாங்க, வாங்க! எடம் இருக்கு! ரங்கூன், பினாங்கு! எடம் இருக்கு!"

முதல் வாரம் சிரித்தார்கள். "சந்தியாகு, ஊர்ல இருந்தும் தொல்லை, கடல்ல இருந்தும் தொல்லை," என்று என்னைக் கேலி செய்தார்கள். பழையபடி பெண்கள் அதற்கு உலை வைத்தார்கள். பிறகு குரல் பெயர் சொல்ல ஆரம்பித்தது. ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், நாளைக்குப் பத்துப் பேர். செத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர்கள். சேதி பரவி, இராமநாதபுரத்தில் இருந்தும் புதுக்கோட்டையில் இருந்தும் சனம் பஸ் ஏறி வந்து மணலில் காத்திருந்தது; தகப்பன் பெயர் கேட்டதும் "அய்யா!" என்று கும்பிட்டு விழுந்து, பூ விட்டு, என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. கெட்டது ஒன்றும் இல்லை போலிருக்கிறதே என்று நான்கூட நினைத்தேன்.

முப்பத்திரண்டு நாளில் அந்தப் பெயர்கள் தீர்ந்தன. குரல் தீரவில்லை. மறுநாள் நாலு மணிக்கு, "சேந்தமுனை, அந்தோணி மகன் ராயப்பன்!" என்றது. ராயப்பன் டீக்கடையில், எண்ணூற்று நாற்பது என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ராயப்பன், ஒரு தரம்!"

அதற்கு அடுத்த நாள், ரெண்டு தரம். மூன்றாம் நாள், மூணு தரம். ராயப்பன் டீ கிளாசை வைத்துவிட்டு, குடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர் போல வேகமாக நடந்து கடலுக்குள் போனார். பிடித்தவர்களைக் கோபமாக உதறினார். "எடம் போயிரும்வே, விடும்!"

எண்ணூற்று நாற்பதில் முந்நூற்றுப் பன்னிரண்டு போக மீதம் எத்தனை என்று டீக்கடையில் எல்லாருமே மனசுக்குள் கழித்துப் பார்த்தோம். எங்கள் ஊரில் ஐந்நூற்றுச் சொச்சம் தலை.

காதில் பஞ்சு வைத்தார்கள். தூணில் கட்டி வைத்தார்கள். சாமியார் நாலு மணிக்குக் கோயில் மணியை விடாமல் அடித்தார். என் குரலை எதனால் அமுக்க முடியும்? எனக்கே தெரியும், முடியாது. வாங்கவேண்டாம் என்று வருகிறவனையும் வாங்க வைக்கிற குரல். ஊர் மெல்ல மெல்ல இதற்கும் பழகியது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெட்டி கட்டி வைத்தார்கள். "எனக்கு முந்தி அவளயா கூப்புடணும்?" என்று சண்டை போட்டார்கள். ஒருத்தி கோழியோடு என் வீட்டுக்கு வந்து, "ஒம்ம கொரல்தானே அண்ணாச்சி, எம் மவனும் மருமவளும் ஒண்ணாப் போற மாதிரி கொஞ்சம் சொல்லி வையும்," என்றாள். பதினொரு பேர் போய்விட்டார்கள். பன்னிரண்டாவதாக, முந்தாநாள் நாலு மணிக்கு, நான் கேட்டேன், என் வாய் பழகின பெயரை, நான் தொட்டில் ஆட்டிக் கூப்பிட்ட பெயரை.

"சேந்தமுனை, குருசு பெண்சாதி மதலேன்! ஒரு தரம்!"

நேற்று, ரெண்டு தரம்.

இன்று காலை மதலேன் வீட்டுக்குப் போனேன். தலை சீவி, நல்ல சேலை கட்டி, வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெட்டி. "எடம் நல்லா இருக்குமா அண்ணே?" என்று கேட்டாள், ஊருக்குப் போகிறவள் கேட்பது போல. கண்ணில் தங்கச்சி இல்லை. குருசு உள்ளே கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தான். பிடுங்கி என் இடுப்பில் கட்டினேன். மூட்டைமேல் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துப் படித்த எழுத்துதான் எனக்கு. அதை வைத்து, சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: ஏலம் கூவுகிறவன் ஏலம் எடுக்கக்கூடாது. எடுத்தால் ஏலம் செல்லாது. எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

குருசு அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். "ஒமக்கு எட்டுப் பாகம் மூச்சு பத்தாது மச்சான். கொரலும் கெடையாது. கீழ போயி எப்படிப் பேசுவீரு?"

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காட்டினேன். துண்டுக்கு அடியில் பேசக் குரல் எதற்கு? அதுவும் இந்தப் பேரத்துக்கு. விளக்குக்கு விளக்கு, தட்டுக்குத் தட்டு. ஒரே வயிற்றில் பிறந்தது இரண்டில் ஒன்றுக்கு இன்னொன்று, இதைவிடச் சரியான மாற்று அந்தக் கப்பலுக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை. கூவுகிறவனே பாயில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கூவுவதற்கு ஆள் ஏது? பொத்தின கையை அது பிரித்ததில்லை. அந்த ஒரு விசயத்தில் அது யோக்கியமான கப்பல்.

இதை எழுதும்போது மணி ரெண்டேகால். தோணியைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். குருசு கயிற்றின் மறுமுனையை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறான். அவனும் எனக்கு மச்சான்தானே, பிடிக்க உரிமை உள்ளவன்.

"கயித்த எத்தன தரம் இழுத்தா நான் தூக்கணும்?" என்று கேட்டான்.

சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினேன்.

இழுத்தால் விட்டுவிடு.